உரிமையாளர் இல்லாத நாள்

சென்ற திங்கள் என் பழைய அலுவலகத்திலிருந்து இளம் அலுவலர் ஒருவர் கைப்பேசியில் அழைத்தார். பெண்களுக்கான தொழிற்கூட ஒதுக்கீட்டுக்கு இனி எவரும் நேரில் சென்று பார்வையிட வேண்டுவதில்லையாம். விண்ணப்பிப்பவர் நான்கு ஒளிப்படங்களை இணையத்தில் ஏற்றிவிட்டால் போதுமாம். "மேடம், பழைய ஃபைல்ல எல்லாம் 'உ.இ.நா.'ன்னு பச்சை மையில எழுதியிருக்கு. அது என்னன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. நீங்கதான் தமிழ் மேடமாச்சே, கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றார்.

நான்கு வரியில் விடை அனுப்பியிருக்கலாம். எழுத அமர்ந்தபோது அந்த மூன்று எழுத்துகளுக்குப் பின்னே ஒரு மொட்டைமாடியும் ஒரு மூடிய கதவும் எழுந்து நின்றன. எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழில் முதுகலைப் பட்டம் பெற்று, ஆசிரியப் பணியை எதிர்பார்த்திருந்த எனக்குக் கிடைத்தது தொழில் துறையில் விரிவாக்க அலுவலர் பணி. முதல் சில ஆண்டுகள் படிவங்களை நிரப்பவும் நிரப்பியவற்றை அடுக்கவும் கற்றதிலேயே கழிந்தன. அவற்றில் நினைவுகூரத்தக்கது எதுவுமில்லை. விக்தோரின் என்னும் அம்மையார் எங்கள் துணை இயக்குநராக வந்த பின்னரே, இது என்ன பணி என்று எனக்குத் தெரியத் தொடங்கியது.

அவரை அலுவலகத்தில் அனைவரும் பிரெஞ்சு வழக்கில் 'மதாம்' என்றே அழைத்தோம். புதுவையின் பழைய கத்தோலிக்கக் குடும்பம். பிரெஞ்சுப் பள்ளியில் பயின்றவர். ஒரு தொழிலகத்துக்குள் நுழைந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார். "மணி பாத்தா அவங்களுக்குப் பதற்றம் வந்துடும்" என்பார். தேநீர் கொடுத்தால் "மெர்சி" என்று நன்றி சொல்லி வாங்கி, குடிக்காமல் அருகில் வைத்துவிடுவார். உரிமையாளர் அமரும் நாற்காலியில் ஒருபோதும் அமரமாட்டார். சுவரோரம் ஒரு முக்காலி கேட்டு வாங்கிக்கொள்வார். கேள்விகள் மிகக் குறைவு. எவர் எதைத் தூக்குகிறார், எவர் எவரைப் பார்த்துவிட்டுத் தூக்குகிறார் என்பதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் வந்த காலத்தில் ஒரு சிக்கல் முற்றியிருந்தது. தொழிற்பேட்டையில் பெண்களுக்கென ஒதுக்கிய கூடங்களுட் பல பூட்டிக் கிடந்தன. மகனுக்கு அரசுத் தேர்வு என்று ஒருவர் மூன்று திங்கள் பூட்டினார். மகளுக்கு அம்மை என்று மற்றொருவர் பூட்டினார். திறப்பதற்குள் வாங்குவோர் வேறிடம் போய்விட்டனர். மேலிடத்தில் அந்தக் கூடங்களைத் திரும்பப் பெற்று ஆண்களுக்கே கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. மதாம் அதற்கு உடன்படவில்லை. "இந்தப் பொம்பளைங்க சோம்பேறிங்க இல்ல. ஒவ்வொருத்தியும் தொழிலோட அச்சாணிய தன் முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா. அவ வூட்டுக்குப் போனா அச்சாணியும் கூடவே போயிடுது" என்றார். அதற்கு அவர் கண்ட வழிதான் 'உரிமையாளர் இல்லாத நாள்'.

முறை எளிது. விண்ணப்பித்த பெண் ஒரு வேலை நாளில், காலை ஒன்பது மணி முதல் பள்ளி விடும் வரை, தன் தொழிலகத்தின் பக்கம் வரலாகாது. கைப்பேசியை எங்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எங்களில் ஒருவர் அங்கே அமர்ந்து, அவர் இல்லாமல் வேலை நடக்கிறதா என்று பார்ப்போம். நடந்தால் கூடம், நடவாவிட்டால் மற்றொரு வாய்ப்பு, அதிலும் தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும்.

இந்த முறையை வைத்துக்கொண்டு நான் ஏறி இறங்கிய மாடிகள் பல. அவற்றுள் புதுவையில் உப்பளம் என்னும் பகுதியின் மாடி ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பிலோமினா வடவம் செய்பவர். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, வெந்தயம், கடுகு, சீரகம் ஆகியவற்றை இடித்துக் கலந்து, பகலெல்லாம் வெயிலில் பரப்பி, மாலையில் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி, மறுநாள் உடைத்து மீண்டும் பரப்பி, பத்து நாள் போல உழைத்து எடுக்கும் தாளிப்பு வடவம். பாரிசுக்குப் புறப்படும் புதுவைக்காரர் பெட்டியில் துணிமணிக்கு முன்னர் வடவத்துக்குத்தான் இடம். கடற்கரைத் தெருக்களின் உணவகங்கள் சிலவும் அவரிடமே வாங்கின. மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை, அதனுள் கதவிட்ட சிறு அறை, மூன்று பெண்கள். அவ்வளவே அவருடைய தொழிலகம்.

முதன்முறை நான் படியேறிச் சென்றபோது, இடுப்பில் துணியைச் செருகி வெங்காய மூட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"உரிமையாளரைப் பார்க்க வேண்டும்" என்றேன்.

"ஓனர் இல்லைங்க மேடம். அவரு வெளிய போயிருக்காரு."

திரும்பி வந்தேன். மறுமுறையும் அதே விடை. மூன்றாம் முறை நான் நின்றிருக்கும்போதே அவருக்கு ஓர் உணவகத்திலிருந்து அழைப்பு வந்தது. "இந்த வாரம் ஆவாதுங்க. பூண்டு கம்மியா போட்டு நான் பண்ணமாட்டேன், அப்படி வேணும்னா வேற எடத்துல பாத்துக்குங்க" என்று கணீரெனச் சொல்லிக் கைப்பேசியை வைத்தார்.

"இதை முடிவு செய்ய வேண்டியவர் உரிமையாளர் அல்லவா?" என்று கேட்டேன்.

"அது... சும்மா நானே பாத்துக்குறது மேடம். வீட்ல பொழுது போகணும்ல" என்றார்.

அந்நேரம் சீருடையோடு படியேறி வந்தார் அவர் கணவர் சூசை. தனியார் பேருந்தொன்றில் நடத்துநர். நான் அவர் பக்கம் திரும்பியதுமே கையை விரித்துவிட்டார். "என்னை ஒண்ணும் கேக்காதீங்க மேடம். வெங்காயம் உரிச்சா கண்ணு எரியும், இதுல எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். ஃபாரத்துல என் பேரு எதுக்குன்னு இவகிட்ட எத்தினி வாட்டி கேட்டிருக்கேன்!"

பிலோமினா வெட்கத்தோடு நகைத்தார். ஐந்தாண்டுகள் நடத்தி, மூவருக்கு வேலை தந்து, கடல் கடந்தும் சுவை பரப்பிய தொழில். அதன் படிவத்தில் அதை உண்டாக்கியவர் பெயரில்லை. நான் பார்வையிட்ட தாய்மார் பலரிடமும் கண்ட வழக்கந்தான் இது. முத்தியால்பேட்டையில் ஒருவர் தம் தையலகப் பலகையில் மூன்று வயது மகனின் பெயரை எழுதியிருந்தார். ஆனால் பிலோமினாவிடம் இதைவிட ஆழமான ஒரு வழக்கமிருந்ததை அன்று மாலையே கண்டேன்.

வெயில் சாய்ந்ததும் பெண்கள் பரப்பியதையெல்லாம் வாரி, அகன்ற அலுமினிய அன்னக்கூடைகளில் நிரப்பினர். பிலோமினா அவற்றை உள்ளறைக்குக் கொண்டு சென்று கதவைச் சாத்தித் தாழிட்டார். உள்ளே அலமாரி திறக்கும் ஒலி. பின்னர் தாழ்ந்த குரலில் செபம். ஒரே செபம், திரும்பத் திரும்ப. வெளியே மூன்று பெண்களும் கை கட்டிக் காத்திருந்தனர். அவர்களுள் மூத்தவர் செங்கேணி, பாகூர்ப் பக்கத்து உழவர் குடும்பத்தைச் சேர்ந்தவர், வாயை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். வெற்றிலை மெல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

சற்றுப் பொறுத்துக் கதவு திறந்தது. எண்ணெய் ஏறிப் பளபளத்த கலவையை எடுத்து வந்து வைத்தார் பிலோமினா. பெண்கள் உருட்டத் தொடங்கினர்.

"ஏன் கதவைச் சாத்துகிறீர்கள்?"

"எண்ணெயும் கடைசிப் பெசறலும் நான்தான் மேடம். கை மாறினா ருசி மாறிடும்."

"உங்களுக்கு உடல்நலம் இல்லையென்றால்?"

"அன்னைக்குப் பரப்பமாட்டோம். புள்ளைங்களுக்கு ஜுரம்னாலும் பரப்பமாட்டோம். மழ வந்தா மூடிடுவோம்." பெருமையோடு சொன்னார். "பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்குள்ள எவ்ளோ உருட்ட முடியுமோ அவ்ளோதான் ஆர்டர் எடுப்பேன்."

கூடம் வேண்டி அவர் விண்ணப்பித்ததே விருப்பத்தால் அன்று. வாடகைக்கு விட்ட வீட்டின் சொந்தக்காரர் அந்த மொட்டைமாடியின் மேல் இன்னொரு தளம் கட்டவிருந்தார். சித்திரைக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கூடம் கிடைத்தால் தொழில் உண்டு. கிடைக்காவிட்டால் வடவமும் இல்லை, மூவர் வேலையும் இல்லை.

முதல் 'உ.இ.நா.'வுக்கு நானே சென்றேன். பிலோமினா அரியாங்குப்பத்தில் தம் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தார். காலையில் உடைத்தனர், பரப்பினர், நண்பகலில் கிளறிவிட்டனர், மாலையில் வாரினர். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பின்னர் செங்கேணி உள்ளறைக்குச் சென்று எண்ணெய் பிசைந்த கலவையைக் கொண்டு வந்தார். கதவும் சாத்தப்படவில்லை, பிசையவும் இல்லை. போனார், எடுத்து வந்தார். கலவையின் மேற்புறம் சற்றே காய்ந்திருந்தது. அது முந்திய நாளே பிலோமினா பிசைந்து வைத்துவிட்டுப் போனது என்று எனக்கு விளங்கிவிட்டது. அன்று வாரியது அப்படியே ஒரு மூலையில் எண்ணெய்க்காகக் காத்திருந்தது. எண்ணெய் டின் இருந்த அலமாரியில் பூட்டுத் தொங்கியது.

என் வீட்டிலும் நான் வெளியூர் போகும் நாளில் மூன்று வேளைக்கும் சமைத்து வைத்து, எது எவருக்கென்று தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போவது என் வழக்கம். இதில் தவறென்ன என்று தோன்றியது. இரக்கமும் சேர்ந்துகொண்டது. அறிக்கையில் 'நிறைவு' என்று எழுதினேன்.

மதாம் அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எண்ணெய் யாரு போட்டாங்க?"

அவர் கடிந்துகொள்ளவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. "நீங்க இரக்கப்பட்டு இந்தக் கூடத்தக் குடுத்துட்டீங்கன்னா, அவ பொண்ணுக்குக் காய்ச்சல் வர்ற அன்னைக்கு அதுவும் பூட்டிக்கும். அப்புறம் நான் மேல என்ன சொல்லுவேன்?" என்றார். என் 'நிறைவு' என்ற சொல்லை அடிக்கவுமில்லை. அதன் கீழே பச்சை மையில் 'மீண்டும்' என்று மட்டும் எழுதினார். "இந்தத் தடவை நான் அங்க உக்காருறேன். நீங்க அந்தம்மாவ எங்கியாவது கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேரும் போங்க." கடைசிச் சொற்களை அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது.

அது பங்குனி. காலை ஒன்பதுக்குப் பிலோமினா தம் கைப்பேசியை மதாமிடம் கொடுத்துவிட்டுப் படியில் நின்றார். நான்கு படி இறங்கி, மூன்று படி ஏறி, "செங்கேணி, பூண்டுத் தோலு காத்துல பறக்காம பாத்துக்க" என்றார். "போக்கா நீ!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. நாங்கள் நோணாங்குப்பம் படகுக் குழாமுக்குச் சென்றோம். உப்பளத்திலிருந்து அரை மணி நேரப் பயணம். பிலோமினா அதுவரை அங்கே வந்ததில்லை.

"புள்ளைங்க ஸ்கூல்ல கூட்டிட்டு வந்தாங்க. நானும் வரேன்னு சொல்லலாம்னு பாத்தேன். அன்னைக்குப் பாத்து நல்ல வெயிலு. வெயில விட முடியுமா?"

படகுத்துறை அருகே சிமெண்டு இருக்கையில் அமர்ந்தோம். கழிமுகத்தில் படகுகள் மக்களை ஏற்றிக்கொண்டு கடற்கரை மணல்திட்டுக்குப் போய் வந்தன. அவர் பார்வை அவற்றின் மேல் இல்லை. வெயிலின் மேல் இருந்தது. "இந்நேரம் ஒடைச்சு விட்டிருக்கணும்", "இந்நேரம் ஒரு வாட்டி பொரட்டியிருக்கணும்" என்று தம் நிழலைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். இடையே என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேடம், நீங்க பேசுறப்ப ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரியே இருக்கு. வூட்லயும் இப்படித்தானா? சாம்பார ஊத்துன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

"குழம்பைச் சற்று வார்க்கவும்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் அருகிலிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். அதன் பின்னர் எங்களுக்கிடையே அலுவலகம் இல்லாமற்போயிற்று.

"அந்த எண்ணெய்ப் பிசைதலைச் செங்கேணிக்குக் கற்றுக்கொடுத்தால் என்ன?" என்று கேட்டேன்.

அவர் புடைவை ஓரத்தை விரலில் சுற்றி அவிழ்த்தார். "மேடம், வெங்காயம் அவங்க உரிக்கிறாங்க, இடிக்கிறாங்க, ஒணத்துறாங்க. என்னுதுன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு?" தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். "இன்னொண்ணும் இருக்குது. சின்னதா இருந்தாதான நெனச்சப்ப மூடலாம்? பெருசா ஆயிடுச்சுன்னா, புள்ளைக்கு ஒண்ணுன்னா ஓட முடியுமா? நல்ல அம்மாவா இருக்கணும்ல மேடம்."

நான் கழிமுகத்து நீரைப் பார்த்தேன். அதற்கு ஈராண்டு முன்னர் எனக்குப் பதவி உயர்வோடு காரைக்காலுக்கு இடமாற்ற ஆணை வந்தது. மகன் ஒன்பதாம் வகுப்பிலிருந்தான். எவரையும் கேட்காமல், வீட்டில் சொல்லக்கூடச் செய்யாமல், 'குடும்பச் சூழல்' என்று ஒரு வரி எழுதி மறுத்துவிட்டேன். என் கணவரோ மகனோ போகவேண்டா என்று சொல்லவில்லை. சொல்லும் வாய்ப்பையே நான் அவர்களுக்குத் தரவில்லை. அந்த மறுப்புக் கடிதத்தை மேலே அனுப்பியவர் மதாம்தான். இதையெல்லாம் பிலோமினாவிடம் சொன்னேன்.

"நீங்களுமா மேடம்?" என்றார்.

நண்பகல் தாண்டியதும் காற்று நின்றது. தென்கிழக்கே, கடற்பக்கம், வானம் ஈயம் போலக் கறுத்து எழுந்தது. பங்குனியில் அரிதாக வரும் மழை. படகுத்துறையில் துடுப்புகளை எடுத்து உள்ளே வைக்கத் தொடங்கினர்.

பிலோமினா எழுந்து நின்றுவிட்டார். பத்து நாள் உழைப்பு அப்போது திறந்த மாடியில் கிடந்தது. ஒரு மழை நனைத்தால் அத்தனையும் பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போகும். முகத்து வேர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிக் கைப்பையைத் திறந்தார். திறந்த கை அப்படியே நின்றது.

"ஐயோ, மாதாவே."

உள்ளங்கையில் ஒரு சிறு சாவி. எண்ணெய் அலமாரியின் சாவி.

"செங்கேணிகிட்ட குடுத்துட்டு வரணும்னு காலையில கையிலயே வச்சிருந்தேன் மேடம். சத்தியமா குடுக்கணும்னுதான் நெனச்சேன். கை தானா பையில போட்டுடுச்சு."

பொய் சொல்லவில்லை. அந்தக் குரல் இன்றும் என் செவியிலுள்ளது. முதல் பெருந்துளிகள் சிமெண்டின் மேல் விழுந்தன. நாங்கள் கூரையின் கீழிருந்த ஓர் இருக்கைக்கு ஒதுங்கினோம்.

"ஒரே ஒரு போன் மேடம். உங்க போன்ல."

என் கைப்பேசியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முன்னர் ஒருமுறை அவருக்காக நானே முடிவெடுத்துத் தவறிழைத்திருந்தேன். "பேசினால் இன்றைய ஆய்வு முடிந்தது. கூடம் அடுத்தவருக்குப் போகும். பேசாவிட்டால் வடவம் போகலாம். முடிவு உரிமையாளருடையது" என்றேன்.

எண்களை அழுத்தினார். பச்சைப் பொத்தானின் மேல் கட்டைவிரல் நின்றது. மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்தது. அவர் வாய் அசைந்தது. என்னிடம் பேசுகிறாரா தமக்குத் தாமே பேசுகிறாரா என்று தெரியவில்லை. "போன் போட்டு என்னன்னு சொல்லுவேன்? மழ வருது, பரப்புனத வாருன்னா? அது செங்கேணிக்குத் தெரியாதா? அவ வயக்காட்டுல பொறந்தவ. நான் ஏசு காலண்டரப் பாத்து மழயத் தெரிஞ்சுக்கிறவ." சட்டென்று கைப்பேசியை என் மடியில் போட்டுவிட்டு, சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு, கண்ணை மூடி அமர்ந்தார்.

அவ்வாறு அவர் அமர்ந்திருந்த நேரம் அரை மணிக்கு மேல் இராது. என் பணிக்காலத்தில் எத்தனையோ திறமைகளைக் கண்டிருக்கிறேன். ஓடத் துடிக்கும் உடலை ஒரு பெண் அத்தனை பாடுபட்டு ஓர் இருக்கையில் நிறுத்தி வைத்ததை வேறெங்கும் கண்டதில்லை. நான் அவரைத் தொடவும் அஞ்சினேன்.

பள்ளி விடும் நேரத்துக்குத் மூன்று சக்கரத் தானி ஒன்றில் உப்பளம் திரும்பினோம். மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் சேற்று நீர். பிலோமினா படிகளில் என்னை முந்திக்கொண்டு ஏறினார். கடைசித் திருப்பத்தில் நின்றார். நானும் நின்றேன். மேலிருந்து குரல்கள் கேட்டன.

செபம். 'அருள் நிறைந்த மரியே' செபம். கத்தோலிக்க வீடுகளில் செபமாலை உருட்டிச் சொல்வார்களே, அதுதான். ஆனால் மூன்று குரல்கள், ஒன்றாக, ஒரே தாளத்தில்.

மொட்டைமாடி வெறுமையாய் நனைந்து கிடந்தது. கொட்டகைக்குள், சுவரோரம் முக்காலியில் மதாம் அமர்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார். உள்ளறைக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி சுழல, அன்னக்கூடையைச் சுற்றி மூவரும் குந்தியிருந்தனர். செங்கேணி முழங்கை வரை எண்ணெயோடு பிசைந்துகொண்டிருந்தார். அவர் நெற்றியில் குங்குமம். அருகிலிருந்த மற்றொரு பெண் காமாட்சியின் கழுத்தில் மஞ்சள் கயிறு. மூவர் வாயிலும் ஒரு பிழையின்றி மரியன்னையின் செபம். ஒவ்வொரு செபத்துக்கும் ஒரு முறை கலவையைப் புரட்டி அழுத்தினர். முடிந்ததும் காமாட்சி ஒரு பூண்டுப் பல்லை எடுத்து ஓரமாக வைத்தார். பத்துப் பற்கள் வரிசையாக இருந்தன. பதினொன்று. பன்னிரண்டு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிலோமினாவின் அளவுகோல் கடிகாரமில்லை, செபம். பத்துச் செப நேரம் பிசைந்தால் பதம். கதவை மட்டுமே அவர் சாத்தியிருந்தார். ஐந்தாண்டுகளாக அந்தக் கதவுக்கு வெளியே மூன்று பெண்கள் அதை எண்ணிக்கொண்டிருந்தனர். செங்கேணி அன்று மென்றது வெற்றிலை அன்று. கதவின் இந்தப் பக்கம் நின்று பிலோமினா அதைக் கேட்டது வாழ்வில் அதுவே முதன்முறை. வேண்டுதலே அறியாத நானும் அங்கே கைகூப்பி நின்றிருந்தேன் என்று பின்னர் மதாம் சொல்லித்தான் தெரிந்தது.

கடைசி 'ஆமென்' பிலோமினாவின் வாயிலிருந்தும் வந்தது. மூவரும் திரும்பிப் பார்த்தனர்.

"வந்துட்டியாக்கா? சாவிய எடுத்துட்டுப் போயிட்ட பாரு" என்றார் செங்கேணி, கையை வழித்தபடி.

"எண்ணெ ஏதுடி?"

"முக்குக் கடையில. நீ வாங்குற அதே கடை, அதே டின்னு. பூட்டி வச்சா மட்டும் வேற எண்ணெயா ஆயிடுமா?"

"உனக்கு... செபம் யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீதான். அஞ்சு வருஷமா கதவுக்கு அந்தாண்ட சொல்றியே. எங்க வூட்ல என் பொண்ணுக்கே மனப்பாடம்."

"தெரியும்னு ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீ கேட்டியா? கதவச் சாத்திக்கிட்ட. சரி, அக்காவுக்கு ஒரு ஆச, இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டோம்."

பிலோமினா குனிந்து ஒரு சிட்டிகை கலவையை எடுத்து முகர்ந்தார். விரல்களுக்கிடையே நசுக்கினார். மீண்டும் முகர்ந்தார். அனைவரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"பத்துதான வைக்கணும். பன்னெண்டு வச்சிருக்கீங்க."

"ஈரக் காத்துக்கா. பத்தோட வுட்டா உள்ள தண்ணி நிக்கும். எண்ணெயும் ஒரு கரண்டி கூட. மழ நாள்ல அப்படித்தான்."

"மழ நாள்ல நாம பண்றதே இல்லையே!"

"நீ பண்றதில்ல. கடைய மூடிட்டு என்னை வூட்டுக்கு அனுப்பிடுவ. வூட்ல வெங்காயம் சும்மாவா கெடக்கும்? நான் பண்ணுவேன்."

மழை நாளின் பதம் உரிமையாளருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அவர் தொழிலை மூடிவிட்டதால் தெரிந்துகொள்ளும் வழியில்லை. அவர் வீட்டுக்கு அனுப்பிய பெண் அங்கே அதைக் கண்டறிந்து வைத்திருந்தார். பிலோமினா தரையில் அமர்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், பின்னர் இரண்டும். மூடியிருந்த கையைத் திறந்து, வியர்வையில் நனைந்த சாவியைச் செங்கேணியின் எண்ணெய்க் கையில் வைத்தார்.

மதாம் எழுந்து கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். "எங்க போயிருந்தீங்க ரெண்டு பேரும்?"

"போட் ஹவுஸ் மதாம்."

"போட்ல ஏறுனீங்களா?"

"இல்ல மதாம்."

"அடுத்த வாட்டி ஏறுங்க" என்றார். கோப்பில் அவர் எழுதியது ஒரே வரி: 'உ.இ.நா. மழையோடு நிறைந்தது.' அன்று கொடுத்த தேநீரை மட்டும் அவர் குடித்திருந்ததைப் பின்னர் கவனித்தேன்.

கூடம் கிடைத்தது. புதிய படிவத்தில் உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் 'பிலோமினா' என்று அவரே எழுதினார். அருகில் நின்ற சூசை "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டார். மறு ஆண்டு காரைக்கால் ஆணை எனக்கு மீண்டும் வந்தது. இம்முறை இரவு உணவின்போது வீட்டில் படித்துக் காட்டினேன். "போயிட்டு வாம்மா, இதுக்கு என்ன?" என்றான் மகன், தட்டிலிருந்து கண்ணெடுக்காமலே. மூன்றாண்டுகள் அங்கே பணியாற்றினேன்.

ஓய்வு பெறும் வாரத்தில் தொழிற்பேட்டைக்கு ஒருமுறை சென்று வந்தேன். பணி நிமித்தம் அன்று; விடைபெற. கூடத்துக்குள் ஏழெட்டுப் பெண்கள் பிசைந்துகொண்டிருந்தனர். கதவென்று எதுவுமில்லை. செபத்தின் ஒலி வாயிலிலேயே கேட்டது. வானம் மூட்டமாக இருந்ததால் நான் எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. செங்கேணி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பிலோமினாவைப் பார்க்கலாமென்று வந்தேன்" என்றேன்.

"ஓனர் இல்லைங்க மேடம்" என்றார் அவர். "அந்தம்மா வெளிய போயிருக்காங்க."